வார்னிஷ் காயாத துடுப்புகள்

அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்து உட்காருங்கள், ஆடாது. டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். விசாரணைக்கு வந்த இடத்தில் குடிக்கலாமா என்று யோசிக்க வேண்டாம். கப்பல் கம்பெனியிலிருந்து வந்தவரும் குடித்துவிட்டுத்தான் திட்டினார்.

உங்கள் நேரத்தை வீணாக்க எனக்கு விருப்பமில்லை. சொகுசுக் கப்பலில் வந்தவர்கள் ஒரு பகல் முழுக்கத் துறைமுகத்துக்கு வெளியே பொம்மை மாதிரி நின்றதற்கும், அந்தக் கப்பல் சேற்றில் உட்கார்ந்து ஒருக்களித்ததற்கும் என் கணவரின் அண்ணனுடைய கட்டைவிரல்தான் காரணம் என்று ஊரே சொல்கிறது. அவர் எங்கள் பாய்மரப் படகுக்காரர் சங்கத்தின் தலைவர். விரலை நக்கி உயர்த்திப் பிடித்து, இன்றைக்குக் காற்று எப்படி என்று சொல்வார். பாதி நாள் தப்பாகத்தான் சொல்வார். ஆனால் இந்தத் தடவை அந்த விரல் நிரபராதி.

நான் பாய் தைக்கிறவள். நீங்கள் உட்கார்ந்திருப்பது என் பட்டறை. கிழிந்த பாய்களை இந்த நீள மேசையில் விரித்து ஓரம் மடித்துத் தைப்பேன். இது காதால் செய்கிற வேலை என்றால் சிரிப்பார்கள். தடித்த துணிக்குள் நூல் இழுபடும்போது ஒரு சின்ன முனகல் வரும். அது மாறினால் தையல் தொய்கிறது என்று அர்த்தம். அதைக் கேட்க அறை அமைதியாக இருக்க வேண்டும். முன்பு இருந்தது.

பிறகு கப்பல் கம்பெனி வந்தது. உள்துறைமுகத்தை ஆழமாகத் தோண்டி, அடுக்குமாடி மாதிரி கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்துவார்களாம். எங்கள் படகுகள் அலைத்தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்ள வேண்டுமாம். அங்கே ஒரு புயல் அடித்தால் படகெல்லாம் விறகுதான். சங்கத்தின் கோபம் நியாயமான கோபம். அதில் எனக்கு மறுபேச்சு கிடையாது. சங்கத்துக்குக் கூடிப் பேச இடம் இல்லை. "நம்ம பட்டறை சும்மாதானே கிடக்கு, வாங்க," என்று என் கணவர் சொல்லிவிட்டார். நான் அப்போது பட்டறையில்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கூட்டம். மடித்து வைத்த பாய்களின்மேல் உட்கார்வார்கள். வெள்ளைத் துணியில் டீ தம்ளர்கள் வட்டம் வட்டமாக முத்திரை குத்தும். தலைவர் ஒன்று சொன்னால், என் கணவர் அதையே தனக்குத் தோன்றியது போல இன்னும் உரக்கச் சொல்வார். நாத்தனார் கோஷம் போட்டுப் பழகுவாள். நான் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு மூலையில் இருப்பேன். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பின்னணி கேட்டீர்களே என்று சொல்கிறேன்.

கம்பெனி முதலாளிகளும் விருந்தினர்களும் முதலில் ஒரு பகல் மட்டும் கப்பலில் வந்து பார்ப்பதாகவும், பிடித்தால் ஒப்பந்தம் போடுவதாகவும் ஏற்பாடாகியிருந்தது. அதைக் கேள்விப்பட்ட அன்று சங்கத்தில் கூரை பிய்த்துக்கொண்டு போகாதது ஆச்சரியம்.

"துறைமுக வாயில படகை எல்லாம் குறுக்க நிறுத்துவோம். எப்படி உள்ள வர்றான்னு பாத்துருவோம்," என்றார் தலைவர்.

"எப்படி உள்ள வர்றான்னு பாத்துருவோம்," என்றார் என் கணவர்.

"கடல் போலீஸ் வந்தா?" என்றாள் நாத்தனார்.

"வரட்டும். நான் பேசிக்கிறேன்."

"நீ பேசினா சும்மா போறவனும் திரும்பி வந்து அடிப்பாண்ணே."

நான் வாயிலிருந்து ஊசியை எடுத்தேன். எடுத்து எத்தனையோ நாளாகியிருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாய்க்கட்டு பேசினால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி.

"மறிச்சா கோபம்தான் வரும், மாமா. வந்தவங்களை நம்ம படகுல ஏத்தி ஒரு சுத்து காட்டிட்டு வந்தா என்ன? இவ்வளவு அழகைக் கெடுக்கப் போறோமேன்னு அவங்களுக்கே மனசு இளகும்."

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் சின்னச் சின்ன யோசனை சொன்னதுதான். புகை கக்கும் கப்பலை எதிர்க்கிறவர்கள் எஞ்சினோடு போனால் நன்றாகவா இருக்கும் என்றேன். எஞ்சின்களைக் கழற்றிக் கொட்டகையில் வைத்தார்கள். துடுப்பு விருந்தினர் காலில் தட்டும், அதுவுமில்லாமல் பார்க்க அழுக்காக இருக்கிறது, கொடுங்கள், சுரண்டி வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்றேன். கொடுத்தார்கள். செல்போன் நனைந்தால் வீண் சண்டை வரும், எல்லாருடையதையும் வாங்கி நான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றேன். அதற்காக ஒவ்வொரு படகிலும் இருக்கும் ஒரே வாளியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த வாளி வேறு அவசரத்துக்கும் தேவைப்படலாம் என்பது எனக்குத் தோன்றாமல் இல்லை.

துறைமுகத்தில் இழுவைப் படகு ஒன்றுதான் உண்டு. அதை ஓட்டுகிறவர் என் கணவருடைய சீட்டாட்டக் கூட்டாளி. பாவம், அவரும்தான் ஒரு நாள் ஊர் சுற்றட்டுமே என்று அவரையும் ஒரு படகில் ஏற்றிவிட்டேன். சாவி தொலைந்துவிடும் என்று என்னிடம் கொடுத்தார். நாத்தனாரும் போனாள். சங்கத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் போனார்கள். யாராவது ஒருத்தர் கரையில் இருக்க வேண்டுமே என்று நான் இருந்துகொண்டேன்.

காற்றைப் பற்றிக் கேட்கிறீர்கள். அன்று அது மதியத்துக்கு முன்பே செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். விடிந்ததும் மொட்டை மாடியில் பாய் உலர்த்தினேன். ஈரச் சேலை மாதிரி தொங்கியது. படகேறும் நேரத்தில் என் கணவருக்கும் சந்தேகம் வந்தது.

"அண்ணே, காத்து கொஞ்சம் சோம்பலா இருக்கே. சாயங்காலம் வரைக்கும் தாங்குமா?"

தலைவர் விரலை நக்கி உயர்த்தினார். முகம் வாடியது. அவருக்கே நம்பிக்கையில்லை, அதை நான் பார்த்தேன். இந்த ஒரு தடவை அவர் சரியாகச் சொல்லியிருப்பார். நான் முந்திக்கொண்டேன்.

"மாமா கை தூக்கினா காத்து வீசாம என்ன செய்யும்? நாள் முழுக்க அடிக்கும்னுதானே மாமா சொல்ல வந்தீங்க?"

சுற்றிலும் விருந்தினர். மனுஷன் வேறென்ன சொல்வார்?

"அதேதான்," என்றார்.

அழகாகத்தான் கிளம்பினார்கள். வெள்ளைப் பாய்கள் வரிசையாகச் சுவரைத் தாண்டிப் போனபோது என் தையல்களைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாப் பாய்களும் ஒரே சமயத்தில் தொய்ந்தன. படகுகள் நின்றன. அது ஜெல்லி மீன் பருவம், அதனால் யாரும் குதித்து நீந்தவில்லை.

கப்பல் விஷயம் என் திட்டத்தில் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. எங்கள் துறைமுக வாய் ஆழமில்லாதது. காலையில் தண்ணீர் ஏறும்போது உள்ளே வந்த பெரிய கப்பல், வடிவதற்குள் வெளியே போய்விட வேண்டும். முதலாளிகளை விட்டுவிட்டுப் போகக் கேப்டனுக்குத் துணிச்சல் இல்லை. உயிர்காக்கும் படகை இறக்கினால் விபத்து என்று மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த மேலிடமே தலைவரின் படகில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கேப்டன் யோசித்து முடிப்பதற்குள் கப்பல் மெதுவாக, களைத்துப்போனவர் பெஞ்சில் சாய்வதைப் போல, சேற்றில் சாய்ந்துவிட்டது. மேல்தளத்து நீச்சல் குளம் அப்படியே சாப்பாட்டுக்கூடத்தில் இறங்கியதாம். மேசை விரிப்புகளெல்லாம் வீணாம். நல்ல துணி என்றார்கள், அதுதான் வருத்தம்.

கப்பல் அதிகாரி ஒருவர் முழங்கால் வரை சேறோடு இங்கே ஓடி வந்தார்.

"துடுப்பு இருக்கா?"

"இருக்கு. வார்னிஷ் காயலை."

"இழுவைப் படகு ஓட்டுறவர் எங்கே?"

கடலைக் காட்டினேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். சாவி எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

அவர்கள் கூப்பிட்டது கேட்டதா என்றால், கேட்டது. காற்றில்லாத நாளில் தண்ணீர்மேல் குரல் நன்றாக வரும். "அண்ணி, சாவி" என்று நாத்தனார் கத்தியது தெளிவாகவே கேட்டது. அதையே என் கணவர் இன்னும் உரக்கச் சொன்னதும் கேட்டது. நான் வாசலுக்குப் போய்க் கையசைத்தேன். பிறகு வேலைக்கு இடைஞ்சலாக இருந்ததால் ஜன்னலைச் சாத்தினேன். வாளிகளில் செல்போன்கள் அடித்தபடி இருந்தன. அவற்றின்மேல் சாக்கைப் போட்டேன்.

அன்றைக்கு ஒரு பெரிய பாயின் நாலு ஓரத்தையும் ஒரே மூச்சில் தைத்து முடித்தேன். ஒரு தையலைக்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. நூலின் முனகல் கடைசிவரை மாறவில்லை. நடுவில் தைப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மேசை என் மேசையாக இருந்தது. எதையோ நினைத்துச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை.

சாயங்காலம் காற்று வந்தது, அவர்களும் வந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, தோல்தான் கொஞ்சம் உரிந்தது. அன்று முழுக்கத் தலைவர் துறைமுகத்தின் வரலாற்றை எல்லாப் படகுகளுக்கும் கேட்கும்படி சொன்னாராம். ஒரு முதலாளி அழுதுவிட்டாராம். கம்பெனி இந்தத் திசைக்கே வருவதில்லை என்று சொல்லிவிட்டது. உள்துறைமுகம் எங்களுக்கே. நான் நினைத்தது நடந்துவிட்டது, சங்கத்துக்கு இனி வேலையில்லை.

அப்படித்தான் நினைத்தேன். நேற்று தலைவர் வந்து, தன் கட்டைவிரலுக்கு வந்த கெட்ட பெயரைத் துடைக்கச் சங்கம் ஒரு குழு போட்டிருக்கிறது என்றார். அது காலையிலும் மாலையிலும் கூடுமாம். "காலையிலயும்," என்றார் என் கணவர். எல்லாரும் பாய்மேல் உட்கார்ந்தார்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். காற்று நிற்கும் என்று தெரிந்தே அனுப்பியது நான். எஞ்சின், துடுப்பு, வாளி, சாவி, எல்லாம் நான். ஒரு நிரபராதியின் விரல்மேல் பழி இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என் மனம் இடம் கொடுக்கவில்லை, அதற்காகத்தான் சொல்கிறேன். துறைமுகத்துக்காகச் செய்தேன், எனக்கென்று எதையும் நினைக்கவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். துணி இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன், இப்போதே வேண்டுமானாலும் கிளம்பலாம். அங்கே தனி அறைதானே கொடுப்பீர்கள்? அப்புறம், உறவுக்காரர்கள் வந்து பார்ப்பதற்கென்று ஒரு நேரம் ஒதுக்குவீர்களாமே, அது கட்டாயமா?