படகில் ஒரு பந்தி

சங்கராபுரம் பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு பெண்கள்: கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுக்கும் அண்ணியும், அவள் நாத்தனாரும். பின்சீட்டில், இறங்கும் ஊர் தாண்டிவிடுமோ என்ற பயத்தோடு நான். அண்ணி பாண்டிச்சேரியில் அரைநாள் படகுச் சவாரி போய்வந்திருந்தாள்.

“படகுலயே சோறு போட்டாங்களா அண்ணி?”

“வடை பாயசத்தோட! துன்னு முடிச்சதும் எல்லார் எலையையும் எடுக்க எழுந்துட்டேன்.”

“மண்டபம்னு நெனச்சிக்கினியா?”

“படகுக்காரரு, ‘ஒக்காருங்கம்மா, நாங்க எடுக்கறோம்’னாரு. அழுகையே வந்துடுச்சி. நீ டிக்கெட்டுக்குக் கடன் குடுக்கலன்னா இதெல்லாம் ஏதுடி?”

“அந்தக் காசு திருப்பித் தர வேணாம் அண்ணி.”

“தருவேன். என் காசுல துன்னாதான் அது என் சோறு. முந்நூறு குடுத்துட்டேன். இன்னும் நானூறு பாக்கி.”