கன்னத்துல விழுந்த கோடு

— இதை நான் அடிக்க மாட்டேன் மாமா. வேற கடை பாருங்க.

— அட விடும்மா. பேனர் கடை வச்சுக்கிட்டு பேனர் அடிக்க மாட்டேங்கிற. திங்கக்கிழமை நீ கொடுத்ததுல தலைவர் கன்னத்துல குறுக்க ஒரு கோடு. அதுக்கே நான் ஒண்ணும் சொல்லல. கட்சி ஆபீஸ் மாடி ரூம்ல மாட்டிட்டு விட்டுட்டேன்.

— மெஷின்ல அடைப்பு, கோடு விழுந்துச்சு. அதுக்கு வேணா திட்டுங்க. ஆனா இது என்ன எழுதிட்டு வந்திருக்கீங்க? 'வெளியுறவில் பழுத்த அனுபவம். இருபத்திரண்டு நாடுகள்.' அங்கெல்லாம் போயி என்ன கிழிச்சாரு?

— போனாரு, பேசினாரு. எம்.பி.க்கு நிக்கிறவருக்கு அது போதாதா?

— போயிட்டு வர்றதுதான் அனுபவம்னா, விமானத்துல தண்ணி கொடுக்கிற பொண்ணுங்களை மந்திரியாக்குங்க.

— நக்கல் பண்ணாத. அவருக்கு அங்கங்க ஆள் பழக்கம் இருக்கு.

— எட்டு மாசமா என் தம்பிய வெளிநாட்டுத் துறைமுகத்துல கப்பலோட பிடிச்சு வச்சிருக்கானுங்க. கப்பல் முதலாளிங்க சண்டைக்கு, என்ஜின்ல எண்ணெய் துடைக்கிற சின்னவன் என்ன பண்ணுவான்? உங்க சொந்த மச்சினன்தானே மாமா அவன்? அம்மாவைக் கூட்டிக்கிட்டு தலைவர் வீட்டு வாசல்ல போய் நின்னோமே, என்ன சொன்னாரு?

— அப்ப அவரு பதவியில இல்லம்மா.

— 'வெளிநாட்டு விவகாரமெல்லாம் எனக்கு என்ன தெரியும், மேல சொல்லிப் பாருங்க'ன்னாரு. கார் கண்ணாடியக்கூட பாதிதான் இறக்கினாரு. தேர்தல் வந்ததும் அனுபவம் பழுத்துருச்சாக்கும்.

— அட விடும்மா. ஞாயித்துக்கிழமை கூட்டம் முடியட்டும். அவரு யாருன்னு ஊரே பார்க்கும்.

— அதுவரைக்கும் அம்மா தாங்கணுமே. ரெண்டு வாய்க்கு மேல சோறு இறங்கல. போன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கு. நேத்து அக்கா வந்து அம்மாவைக் கட்டிப்பிடிச்சு அப்படி அழுதா.

— அவளுக்கும் மனசு இருக்கும்ல. சரி, எனக்காக இத அடிச்சுக் கொடு. நாளைக்குக் கட்டணும்.

— உங்களுக்காக இல்ல, அக்கா முகத்துக்காக. பென்டிரைவக் கொடுங்க... என்ன மாமா இது, தம்பியப் பிடிச்சு வச்சிருக்கிற அந்த நாட்டு அதிபரோட கை குலுக்குற படம் பெருசாக்கினா கட்டம் கட்டமா உடையுது. ஓரத்தை வேற வெட்டியிருக்காங்க. முழுப் படம் எங்க?

— அதுலயே இருக்கும். நகரு, நான் எடுத்துத் தரேன்.

— நீங்க மவுஸைப் பிடிச்சா விடிஞ்சிரும். இந்தா இருக்கு. அடக் கொடுமையே, இது ஏதோ பொருட்காட்சி வாசல். வரிசையில நிக்கிற எல்லாருக்கும் அந்த மனுஷன் கை கொடுத்துட்டுப் போறாரு. நம்மாளு இன்னொரு கையில கடைப் பை. இதுதான் பேச்சுவார்த்தையா?

— பைய வெட்டிட்டுப் போடேன்.

— பைய வெட்டினா கையும் போயிரும். இருங்க, 'ஞாயிறு மேடை'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. அதுல நல்ல படம் இருக்கும்.

— அது வேண்டாம். அது வேற கடைக்கு. சொல்றேன்ல, கைய எடு.

— சின்னவன்.

— அத மூடும்மா.

— மாமா, நம்ம சின்னவன். தலைவர் பக்கத்துல நிக்கிறான். எப்படி எளைச்சுட்டான். விட்டுட்டாங்களா? எங்க எடுத்தது இது?

— அங்கதான். வாட்ஸப்புல வந்துச்சு. ஞாயித்துக்கிழமை சொல்லிக்கலாம்னு...

— பின்னாடி பேனர் தொங்குது மாமா. தலைவர் கன்னத்துல குறுக்க கோடு.

— மெதுவாப் பேசு, வெளிய ஆளு நிக்குது. முதலாளிங்க சமாதானமாயிட்டாங்க, எல்லாரையும் விட்டுட்டாங்க. ரெண்டே நாள் பொறு. மேடையில தலைவரே அவன் கையப் பிடிச்சு அம்மாகிட்ட ஒப்படைப்பாரு.

— நாலு தெரு தள்ளி, உங்க ஆபீஸ் மாடியிலயா அடைச்சு வச்சிருக்கீங்க? ஏன் அவன் ஒரு போன்கூடப் பண்ணல?

— விசாரணை முடியுற வரைக்கும் யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கோம். நம்பிட்டான்.

— பெத்தவ பட்டினி கிடக்குறா. சே, நீங்கெல்லாம் மனுஷங்களா? அக்காகிட்ட எப்படி மாமா மறைச்சீங்க இத?

— அவகிட்ட எங்க மறைச்சேன்? மூணு வேளையும் அவதான் அவனுக்குச் சமைச்சு அனுப்புறா.