இரண்டாவது கவளம்

நீங்கள் கொஜ்ஜாம் பக்கம்தானே, இன்ஸ்பெக்டர்? "உக்காருங்க" என்று சொன்ன இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. அடிஸ் அபாபாவில் இத்தனை வருடமாக வட்டார வழக்குகளைப் பாடம் நடத்துகிறேன். ஒருவர் வாய் திறந்தால் போதும், ஊரைச் சொல்லிவிடுவேன். காபி நன்றாக இருக்கிறது. சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

இல்ஹோம் தங்கமான ஆள். உஸ்பெகிஸ்தானில் கோரெஸ்ம்காரன். "எங்க ஊர்ப் பேச்சு தாஷ்கண்ட்காரனுக்குப் பாதி புரியாது அண்ணே, சிரிப்பான்" என்பான். நம் அம்ஹாரிக் அப்படியில்லை. கோண்டர், கொஜ்ஜாம், வொல்லோ எல்லாம் ஒரே குழம்பு, காரம்தான் கொஞ்சம் கூடக்குறைய. இரண்டு மொழிகளின் வழக்குகளையும் ஒப்பிட்டுச் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினோம். உஸ்பெக் பாதி அவனுடையது, அம்ஹாரிக் பாதி என்னுடையது. அதை வைத்துத்தான் எனக்குத் துறைத் தலைவர் பதவி வரவிருந்தது.

அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் நேரில் போய்க் கேட்க வேண்டும். பஸ் ஏறி வொல்லோவுக்குப் போய், தெஸ்ஸே சந்தையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தான்.

"அண்ணே, நீங்க எழுதின மாதிரி அங்க ஒருத்தரும் பேசலையே. யாருகிட்ட கேட்டீங்க?"

"நம்ம தெருவுல காபி விக்கிற தொய்பாகிட்டதான். வொல்லோக்காரிதானே அவ."

"கைக்குழந்தையா இருந்தப்பவே இங்க வந்துட்டாங்களாம். நீங்க வொல்லோ பக்கம் போனதே இல்லையா?"

"மலைப்பாதைல போனா எனக்குத் தலை சுத்தும்ப்பா."

சிரித்தான். நானும் சிரித்தேன். "நாளைக்குத் துறைக் கூட்டத்துல சொல்லித்தான் ஆகணும். கோச்சுக்காதீங்க" என்றான். எனக்குக் கோபமே வரவில்லை. மதியம் சாப்பிட வா என்று அழைத்தேன்.

வேர்க்கடலை பட்டாலே தொண்டை அடைத்துவிடும் என்று வந்த புதிதிலேயே சொல்லியிருந்தான். மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வறுத்து, நைசாக அரைத்து ஷிரோ குழம்பில் கலந்தேன். மிளகாய் தூக்கலாக இருந்தால் வாசனை தெரியாது. என்ன போட்டிருக்கிறது என்று கேட்கத்தான் செய்தான். கொண்டைக்கடலை மாவு என்றேன், அதுவும் உண்மைதானே. அவசரத்துக்கு வைத்திருக்கும் ஊசி அவன் கைப்பையில் இருந்தது. இடைஞ்சலாக இருக்கிறதென்று பையை மாடியில் வைத்துவிட்டேன்.

இன்ஜெரா அப்பத்தில் சுருட்டி, என் கையாலேயே கவளத்தை நீட்டினேன். ஊட்டுகிற கையைத் தள்ளக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். மரியாதை தெரிந்தவன், வாயைத் திறந்தான்.

உதடு வீங்கத் தொடங்கியது. ஒற்றைக் கவளம் பகை என்பார்கள் இல்லையா? பகையோடு அவனை அனுப்ப மனம் வரவில்லை. இரண்டாவதையும் ஊட்டினேன். நான்தான் கொன்றேன், ஆனால் மொழிக்காகத்தான். இருபது வருடம் பழகிய காது எனக்கு. ஒரு வாரம் சந்தையில் உட்கார்ந்தவன் அதைப் பொய் என்று சொல்லலாமா?

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

"நான் தெஸ்ஸேக்காரன் சார். பொறந்தது, வளந்தது, அப்பா அம்மா எல்லாம் வொல்லோதான். கொஜ்ஜாம் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்ல."

இருக்கலாம். உங்கள் அம்மா வழியில் யாராவது கொஜ்ஜாமாக இருப்பார்கள். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.