ஷெர்பாவுக்குத் தலை வலிக்காது

முதலில் சிறுநீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஐயா. என் வகுப்பை நான் அங்கேதான் தொடங்குவது வழக்கம். தெளிவாக இருந்தால் மலை ஏறலாம், மஞ்சளாக இருந்தால் தண்ணீர் குடிக்கலாம், பழுப்பாக இருந்தால் உயில் எழுதலாம் என்பேன். எல்லா நாட்டுக்காரர்களும் சிரிப்பார்கள். ஜெர்மன்காரர்கள் மட்டும் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

பதினேழு வருடமாக எங்கள் விடுதியின் சாப்பாட்டு அறையில் தினமும் மூன்று மணிக்கு அந்த வகுப்பை நடத்தி வருகிறேன். எங்கள் ஊர் நாலாயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வந்து சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு மண்டை இடிக்கும். மீதிப் பேர் இடிக்கவில்லை என்று புளுகுவார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம் பூண்டு சூப் கொடுத்து உட்கார வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்வேன். மெதுவாக ஏறு, இங்கே இரண்டு ராத்திரி தங்கு, தலை வலித்தால் மேலே போகாதே, வலி கூடினால் கீழே இறங்கு. இறங்குவதைவிட நல்ல மருந்தை எந்த டாக்டரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பிறகு தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலும் விரலும் ஒட்ட அதன்மேல் நடக்கச் சொல்வேன். தள்ளாடுகிறவனுக்கு மூளையில் நீர் கோத்திருக்கிறது, அவனை அந்த நிமிடமே கீழே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எப்படித் தள்ளாடுவான் என்று நானே நடந்து காட்டுவேன். அறை அதிரும். அந்த நடையைப் பழக எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

டென்டி என் மனைவி டோமாவின் தம்பி. விடுதி அவர்கள் அப்பா கட்டியது என்பதால் பாதி அவனுடையது. ஷெர்பாதான், ஆனால் ஐந்து வயதில் காட்மாண்டு விடுதிப் பள்ளிக்குப் போனவன், முப்பத்தெட்டு வயதுவரை அங்கேயே கிடந்தான். அவன் ஏறிய மிக உயரமான இடம் அவனுடைய பயண அலுவலகத்தின் ஏழாவது மாடி. அவன் விசிட்டிங் கார்டில் மட்டும் ‘மலையின் மைந்தன்’ என்று அச்சடித்திருந்தது. நல்ல பையன். எனக்கு அவன்மேல் எந்தக் கோபமும் கிடையாது, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஏழாம் தேதி காலையில் ஹெலிகாப்டரில் நேராக வந்து இறங்கினான். கூடவே இரண்டு பெரிய டிவி. ஒன்று இங்கே மாட்ட, இன்னொன்று லோபுச்சேயில் இருக்கும் எங்கள் மேல் விடுதியில் மாட்ட.

"இனிமே நீங்க தொண்டத்தண்ணி வத்தக் கத்த வேணாம் அத்தான்," என்றான். "பட்டனை அமுக்குனா போதும், டாக்டர் ஆறு பாஷையில பேசுவாரு. நீங்க அடுப்புக்கு நாலு யாக் வறட்டி எடுத்துட்டு வந்தீங்கன்னா அக்காவுக்கும் ஒத்தாசையா இருக்கும்."

அன்று மூன்று மணிக்கு டாக்டர்தான் பேசினார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். குறை சொல்ல முடியாது, நன்றாகவே பேசினார். சிறுநீர் என்கிற இடத்தில் ‘உடலின் நீர்ச்சத்து’ என்றார். கோட்டில் நடந்து காட்டவில்லை, படம் போட்டார். முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். இத்தனை வருடத்தில் எனக்குச் சிரித்திருக்கிறார்களே தவிர யாரும் கை தட்டியதில்லை. நான் காலிக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

மதியமே டென்டி உருளைக்கிழங்கு ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டான். நெற்றிப்பொட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். மறுநாள் காலை அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அத்தான், அந்த மாத்திரை இருக்கா?"

"எந்த மாத்திரைடா?"

"தலைவலிக்கு. சும்மாதான். சரியாத் தூங்கல."

"ஓ, மலை நோய்க்கா? டப்பா டப்பாவா இருக்கே. இரு, அக்காவை எடுத்துத் தரச் சொல்றேன். ஏ டோமா!"

"ஐயோ, கத்தாதீங்க. வெளிய சுமைக்காரங்க நிக்கிறாங்க."

"நின்னா என்ன? ஷெர்பாவுக்கே மலை பிடிச்சிருச்சுன்னு சிரிப்பானுங்க. அடுத்த சீசன் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுங்க. அதுக்காக உசுரா போயிடும்?"

"எனக்கு ஒண்ணுமில்ல. விடுங்க," என்றான்.

எங்கள் ஆட்களிடம் கால் ஒடிந்துவிட்டது என்று சொல்லலாம், பெண்டாட்டி ஓடிவிட்டாள் என்றுகூடச் சொல்லலாம். தலை வலிக்கிறது என்று மட்டும் ஒரு ஷெர்பா வாயைத் திறக்க முடியாது. அது வெள்ளைக்காரனுக்கும் கீழ்நாட்டுச் சுமைக்காரனுக்கும் வருவது. பள்ளத்தில் வளர்ந்த உடம்புக்குக் குலப்பெருமையெல்லாம் தெரியாது என்பது எனக்குத் தெரியும். டென்டிக்குத் தெரியாது. அவன் என் வகுப்பில் ஒரு நாள்கூட உட்கார்ந்தவனில்லை.

அன்று இரண்டாவது டிவியைச் சுமைக்காரர்கள் முன்னால் தூக்கிக்கொண்டு போக, நானும் அவனும் பின்னால் லோபுச்சே போவதாக ஏற்பாடு. நான் அவனை மேலே போகச் சொல்லவே இல்லை. "வேணும்னா இன்னைக்கு ஓய்வெடு, அந்த எழுபது வயசு கொரியா அம்மாவும் ஓய்வுதான் எடுக்குறாங்க," என்றுதான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் காலணி மாட்டிவிட்டான். டோமா வாசலுக்கு வந்து, "மூஞ்சி வெளிறியிருக்கே, நாளைக்குப் போனா என்ன?" என்று கேட்டாள். "உன் தம்பி ஷெர்பாடி," என்றேன். அவன் நிமிர்ந்து நடந்தான்.

ஐந்து மணி நேர வழிக்கு எட்டு மணி நேரம் ஆயிற்று. பாறை மறைவில் இரண்டு தரம் வாந்தி எடுத்தான். நான் மரியாதைக்காக முகத்தைத் திருப்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லோபுச்சே முற்றத்தில் அவன் நடந்து வந்த நடை இருக்கிறதே, ஐயா, நான் இரண்டு வருடம் பழகிய அதே நடை. என்னைவிட நன்றாகவே செய்தான். சுமைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அதில் ஒருவன் அவனைத் தாங்கப் போனான்.

"நம்ம முதலாளிக்குச் சாங் ஏறிடுச்சுடா! வழியில ஒரு குடம் காலி!" என்று நான் கை தட்டினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். டென்டியும் சிரித்தான். குடிகாரன் என்று பெயர் வாங்குவதில் அவனுக்குச் சங்கடமில்லை. என்னைப் பார்த்த பார்வையில் நன்றிகூட இருந்தது. அதன்பிறகு அவன் பக்கம் யாரும் போகவில்லை. குடித்தவனைத் தூங்க விடுவதுதானே முறை.

விடிந்தபோது அவன் நெஞ்சில் கஞ்சி கொதிக்கிற சத்தம் கேட்டது. உதடு நாவல்பழம் தின்றவன் உதடு போல் இருந்தது. ஆக்சிஜன் உருளை அங்கே ஒரு மரப்பெட்டியில் உண்டு. நான் அந்தப் பெட்டிமேல் ஏறி நின்றுதான் டிவிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன்.

"அத்தான்," என்றான். "கீழ போயிடலாமா?"

"போலாம்டா. இதை மாட்டிட்டுப் போலாம்."

டிவி கோணலாக இருந்தது. கழற்றி மறுபடி மாட்டினேன். பதினொன்றரை மணிக்கு நேராக நின்றது. அப்போது அவனிடம் சத்தம் இல்லை.

டோமா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, என் தம்பிக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியலையா?" தெரியவில்லை என்றேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். சொல்லும்போது நாக்கு கூசியது. சாங் கதை பொய் இல்லை, கேலி.

நீங்கள் எழுதிக் கொண்டுவந்த தாளில் கையெழுத்துப் போட முடியாது என்று நான் சொன்னது இதற்காகத்தான். ‘அறிகுறிகளைக் கவனிக்கத் தவறியதால் நேர்ந்த மரணம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கவனிக்கத் தவறியவன் என்று ஊருக்குள் பெயர் வந்தால் நான் எப்படித் தலைகாட்டுவது? ஒவ்வொன்றையும் அது வந்த மணியோடு கவனித்தேன். எது மிஞ்சினால் எது வரும் என்று தெரிந்தே கவனித்தேன். எந்த இடத்தில் இறக்கியிருந்தாலும் பிழைத்திருப்பான், கடைசி நாள் காலையிலும்கூட. இறக்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, நான் கொன்றேன் என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

விலங்கு மாட்டுவதானால் நாலு மணிக்குமேல் மாட்டுங்கள். இருபத்திரண்டு பேர் சாப்பாட்டு அறையில் காத்திருக்கிறார்கள். யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால் அதில் ஒருவர் அநியாயமாகச் செத்துப்போவார், ஐயா. என்னால் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.