நாலுகல் கிணறு

நம்ம தாத்தாவுக்குத் தாத்தா தவழ்ந்துகொண்டிருந்த காலமாம். வேலாங்காடு என்று ஓர் ஊராம். ஊரே கிணறு வெட்டுகிற ஊராம். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றைக் கேட்டாலும் அவர்கள் வெட்டியதாம். ஆனால் அவர்களுக்கென்று ஒரு கிணறு இல்லையாம்!

ஒரு வருஷம் மழை ஏய்த்தது. மறு வருஷமும் ஏய்த்தது. தாங்கள் வெட்டிய கிணறுகளுக்கே போய்த் தண்ணீர் கேட்டார்களாம்.

"வெட்டினதுக்குக் கூலி வாங்கினீங்கல்ல? அப்புறம் என்ன தண்ணி?" என்று கிணற்றுக்காரர்கள் விரட்டிவிட்டார்களாம்.

கம்பம்பயிர் வாடியது. "சட்டி பானையைக் கட்டு, ஊரை விட்டுப் போவோம்" என்று எல்லாரும் கிளம்பினார்கள். அப்போது மண்கூடை சுமக்கிற ஒச்சாயி வழியை மறித்தாளாம். அவள்தான் நம்ம பூட்டிக்குப் பூட்டி.

"ஊருக்கெல்லாம் வெட்டினோமே, நமக்கு ஒண்ணு வெட்டினா கை தேய்ஞ்சா போயிடும்?"

"கூலி யாரு தாயி கொடுப்பா?" என்றான் மூத்த வெட்டுக்காரன் மொக்கையன்.

"தண்ணிதான் கூலி. வேலை செஞ்ச அத்தனை பேருக்கும் கிணறு சொந்தம்."

சரி, எங்கே வெட்டுவது? "என் கம்பங்காட்டுல" என்றான் ஒருவன். "வெட்டின பிறகு நீயும் எங்களை விரட்டவா?" என்றான் இன்னொருவன். சண்டையான சண்டை!

ஒச்சாயி நாலு பேர் காடும் முட்டுகிற மூலைக்குப் போனாளாம். எல்லாம் காய்ந்தும் அங்கே ஓர் இலந்தை மட்டும் பச்சையாக நின்றது. பக்கத்தில் நாலு எல்லைக்கல்.

"கீழே ஈரம் இருக்கு. கல்லைப் பிடுங்குங்கடா! இங்கே வெட்டினா எவன் காடுன்னு சொல்லுவான்?"

வெட்டினார்கள், வெட்டினார்கள், வெட்டிக்கொண்டே இருந்தார்களாம். வீட்டுக்கு வீடு கிடந்த தானியத்தைச் சேர்த்து ஒரே பானையில் கூழ். பாறை வந்தது. "போச்சு" என்று உட்கார்ந்தான் மொக்கையன்.

"அடுத்தவன் கிணத்துல பாறை வந்தா விட்டுட்டா வந்தே?" என்றாளாம் ஒச்சாயி. கடப்பாரை மறுபடி எழுந்தது.

ஒரு காலையில் ஊற்று பீறிட்டது! உடனே எல்லாரும் மேலே ஏறி வரிசையாக நின்றார்களாம். நின்றார்கள், நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்களாம்.

"என்னடா நிக்கிறீங்க?" என்றாளாம் ஒச்சாயி.

"ஊத்து வந்தா முதலாளி வெட்டினவனுக்குத் தலைப்பா கட்டிவிடணும்ல?"

"எந்த முதலாளி?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் எழுந்ததாம் பாருங்கள் ஒரு சிரிப்பு! ஒச்சாயி கூடைக்கு அடியில் வைக்கிற சும்மாட்டுத் துணியை உதறி மொக்கையன் தலையில் கட்டினாளாம். "இந்தா, ஒரு முதலாளி!" அவன் தன் துண்டை அடுத்தவன் தலையில் கட்டினான். "இந்தா, இன்னொரு முதலாளி!" வரிசை சுற்றி வந்து, கடைசித் துண்டு ஒச்சாயி தலையில் ஏறியது.

அதற்குப் பிறகு வெளியூருக்கு வெட்டப் போனாலும், தண்ணீரில் பங்கு பேசிவிட்டுத்தான் கடப்பாரையைத் தொட்டார்களாம்.

அந்த நாலு எல்லைக்கல்லும் இன்றைக்கும் கிணற்றுக்குப் படியாகக் கிடக்கின்றன. பொங்கலன்று வேலாங்காட்டில் யாரும் தன் தலைப்பாகையைத் தானே கட்டிக்கொள்வதில்லை. கிணற்றைச் சுற்றி நின்று பக்கத்தில் இருப்பவருக்குக் கட்டுவார்கள். புதிதாக வாழ வந்த மருமகளுக்கும் உண்டு. கட்டும்போது எல்லாரும் சத்தமாகச் சொல்வது இதுதான்:

"இந்தா, இன்னொரு முதலாளி!"