தண்ணீர் ஊற்றித்தான் வழியனுப்பினேன்

அந்த நாற்காலி வேண்டாம் ஐயா, ஒரு கால் ஆடுகிறது. முடுக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், கை ஒழிவதில்லை. சன்னலோரம் உட்காருங்கள். ஸ்மோல்யான் போலீஸ் நிலையத்திலிருந்து இத்தனை மலை வளைவுகளைத் தாண்டி வந்தவரை வெறும் வயிற்றோடு விசாரிக்க விட்டால் எனக்குத்தான் கெட்ட பெயர். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா சூடாக இருக்கிறது, சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள்.

உள்ளே கிரீச் கிரீச் என்று கேட்கிறதே, அது என் தம்பி வெலின். சக்கர நாற்காலியில் அடுக்களைக்கும் கூடத்துக்கும் போய் வருவான். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும். நான் விடவில்லை. சத்தம் இருந்தால்தான் அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

அவன் காதலி கலினா உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்பதும் தெரியும். வெலினின் வண்டியைக் கடைசியாகத் தொட்டது அவன் அக்கா நெவேனாதான் என்றிருப்பாள். உண்மைதான். அப்பாவின் பட்டறை அவருக்குப் பின் என் கைக்கு வந்தது. மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கத்தினால், காதால் கேட்டே கோளாறைச் சொல்லும் ஆள் இந்த மலைப்பக்கத்தில் நான் ஒருத்திதான். பெருமைக்குச் சொல்லவில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அம்மா போனபோது வெலினுக்குப் பால் பல் கூட விழவில்லை. குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது எல்லாம் நான். பெண் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். அதை ஒருநாளும் அவனிடம் சொல்லிக்காட்டியதில்லை. அப்படி வளர்ந்தவன், நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றான்.

"அக்கா, நானும் கலினாவும் ஜெர்மனிக்குப் போறோம். ரெண்டு பேருக்கும் ஒரே கிடங்குல வேலை கெடச்சிருக்கு."

"திரும்பி எப்ப வருவே?"

"அடுத்த ஈஸ்டருக்கு வந்துருவேன்க்கா."

"எதிர்வீட்டு திம்கா மகனும் அதத்தான் சொன்னான். இப்ப அவ சாயம் போட்ட ஈஸ்டர் முட்டைய போன்லதான் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கா."

"அய்யோ, ஆரம்பிச்சிட்டியா? நான் என்ன நிலாவுக்கா போறேன்?" என்று சிரித்தான். நான் உருளைக்கிழங்கைத்தான் உரித்தேன் ஐயா.

புறப்படுவதற்கு முந்தின நாள் வண்டியைப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தான். மார்ச் மாதம் நான் கட்டிவிட்ட சிவப்பு வெள்ளை நூல் இன்னும் கைப்பிடியில் தொங்கியது. முதல் நாரையைக் கண்ட பிறகுதான் அதை அவிழ்ப்பது எங்கள் வழக்கம்; அந்த வருஷம் நாரைகள் வரத் தாமதம், அதனால் அவிழ்க்கவில்லை.

"முன்பக்கம் அமுங்கும்போதெல்லாம் பொறியில மாட்டுன எலி மாதிரி கத்துதுக்கா. பார்டர் தாண்டுற வரைக்கும் கலினா கிண்டல் பண்ணியே கொன்னுடுவா. எப்படியாவது சத்தத்த நிறுத்திக் குடு."

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை அமுக்கச் சொன்னேன். திருப்புளியின் நுனியை ஃபோர்க்கின் மேல் வைத்து, அதன் பிடியில் காதை வைத்தேன். தூசியைத் தடுக்கும் ரப்பர் வளையம் காய்ந்துபோனால் இப்படிக் கத்தும். அதைத் தூக்கி, மண்ணைத் துடைத்து, கிரீஸ் தடவினேன். சத்தம் போகவில்லை. கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தேன், மேலே பேரிங் நன்றாகவே இருந்தது. பிறகு கீழே, சக்கரத்தின் அச்சுக்கு வந்தேன்.

"டயர் மாத்தினது யாருடா?"

"நான்தான்."

"மாத்தின லட்சணம் தெரியுது."

அவசரக் குடுக்கை, சக்கரத்தை ஒரு பக்கமாக இழுத்து முடுக்கியிருந்தான். ஃபோர்க்கின் இரண்டு கால்களும் கோணிக்கொண்டு நின்றன, அதுதான் கத்தல். அச்சின் நட்டையும் அதைக் கவ்வும் போல்ட்டுகளையும் தளர்த்திவிட்டு, நன்றாக அமுக்கினால் கால்கள் தாமாகவே நேராகிவிடும். தளர்த்தினேன். அவன் அமுக்கினான். சத்தம் நின்றது.

"உன் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்க்கா" என்று என் நெற்றியில் முத்தம் வைத்துவிட்டுத் துணி மூட்டை கட்ட ஓடினான்.

அதன் பிறகு எல்லாவற்றையும் முடுக்க வேண்டும். ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது. நட்டையும் போல்ட்டுகளையும் விரலால் மட்டும் திருகி, பார்வைக்குச் சரியாக வைத்தேன். ஸ்பேனரைத் துடைத்து ஆணியில் மாட்டினேன். நான் எதையும் உடைக்கவில்லை, அறுக்கவில்லை. சத்தத்தை நிறுத்தச் சொன்னான், நிறுத்திக் கொடுத்தேன்.

என் எண்ணம் பெரிதாக ஒன்றுமில்லை. தெருமுனையில் குழாயடி வளைவில் வண்டி ஆடும். மெதுவாகத்தான் போவான், விழுவான், ஒரு கால் ஒடியும். மாவுக்கட்டோடு போனால் எந்தக் கிடங்கில் வேலை கொடுப்பார்கள்? கோடை முழுக்க வீட்டில் கிடப்பான், நான் சூப் வைத்துக் கொடுப்பேன். கலினா தனியாகப் போய்விடுவாள், அவள் காத்திருக்கும் ரகம் இல்லை என்று நினைத்தேன்.

காலையில் செம்புக் குவளையில் பூப் போட்டுத் தண்ணீர் எடுத்து வந்தேன். போகிறவனின் வழி தண்ணீர் போல் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று வாசலில் ஊற்றுவோமே, அப்படி ஊற்றினேன். மலையடிவாரத்தில் காத்திருந்த கலினாவை ஏற்றிக்கொள்ள, அந்த ஈரத்தின் மேல்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். திம்கா கூடப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனசார ஊற்றினேன் ஐயா. கெடுதல் நினைக்கிறவள் தண்ணீர் ஊற்றுவாளா? நீங்களே சொல்லுங்கள்.

குழாயடியில் வண்டி ஆடவில்லை. கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கீழே பெட்ரோல் பங்கிலிருந்து போன் பண்ணினான்.

"அக்கா, சத்தமே இல்ல, வெண்ணெய் மாதிரி போகுது. கைப்பிடி மட்டும் லேசா நடுங்குது. புது டயர்னாலதானே?"

பங்கைத் தாண்டினால் அணைக்கட்டு இறக்கம், வண்டி தானாக வேகமெடுக்கும் இடம். நான் பிறந்து வளர்ந்த ஊர், எனக்குத் தெரியாதா? ஈரக்கையைப் பாவாடையில் துடைத்து, போனை மறு காதுக்கு மாற்றினேன். அங்கேயே நில்லுடா, ஸ்பேனரோடு வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முடுக்கிக் கொடுத்திருப்பேன், அவனும் போயிருப்பான்.

"ஆமாடா, புது டயர் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அந்த இறக்கத்தில் முன் சக்கரம் கழன்று வண்டியோடு உருண்டான்; இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். கலினா விஷயத்தில் நான் போட்ட கணக்கு தப்பு. ஜெர்மனிக்குப் போகாமல் வாராவாரம் இந்த வாசலுக்கு வந்தாள். அவன் உன் முகத்தில் விழிக்க விரும்பவில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் ஒரு தடவை கூட வரவில்லை என்று அவனிடம் சொன்னேன். இரண்டு பேருக்கும் அதுதான் நல்லது. தூங்கப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா நான் என்னக்கா ஆகியிருப்பேன்?" என்பான். இந்த வீட்டில் இவ்வளவு நிம்மதி முன்பு இருந்ததில்லை.

கிரீச் சத்தம் நின்றதைக் கவனித்தீர்களா? போன் வந்த கதையைச் சொன்னேனே, அப்போதிலிருந்தே அவன் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறான்.

இதோ, மறுபடி கேட்கிறது. கூடத்தைத் தாண்டிவிட்டான். வாசலுக்குப் போகிறான்.

நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? பனித்சா ஆறுகிறது, உட்காருங்கள். வாசலில் செங்குத்தான படிகள் இருக்கின்றன. சரிவுப் பலகை அடித்துத் தருகிறேன் என்று தச்சர் எத்தனையோ தடவை கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன். அவன் எங்கேயும் போய்விட மாட்டான் ஐயா.