கீழ் ஓஸில் ஒரு வலைமுடிச்சு

இஞ்ஞாசி: ஏளா மெட்டில்டா, டார்ச்ச எம் மூஞ்சியில அடிக்காத. ரேடியேட்டருல அடி.

மெட்டில்டா: காருக்கடியில ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியுது.

இஞ்ஞாசி: நேத்து கீழ விரிச்ச பேப்பரப் பாத்தியா?

மெட்டில்டா: பாத்தேன். நனைஞ்சி கெடக்கு. பழைய ஆஸ்டின் காரு, ஒழுகத்தான் செய்யும். நம்ம வீட்டுக் கூரை ஒழுகல?

இஞ்ஞாசி: கூரைய யாரு வாங்க வாரா? காரப் பாக்க நாலரைக்கு காயல்பட்டினத்துல இருந்து ஜக்கரிய்யா மொதலாளி வாராரு. அதுக்குள்ள லீக்கக் கண்டுபிடிக்கணும்.

மெட்டில்டா: கண்டுபிடிக்காட்டா?

இஞ்ஞாசி: வேண்டாம்னுட்டுப் போயிருவாரு.

மெட்டில்டா: போகட்டுமே.

இஞ்ஞாசி: என்னது?

மெட்டில்டா: ஒண்ணுமில்ல. டார்ச்சு சரியா அடிக்குதான்னு கேட்டேன்.

இஞ்ஞாசி: பத்து நாள்ல நா மறுபடி கப்பலேறணும். ஓட்ட ஆளில்லாத காரு துருப்பிடிச்சித்தான் போகும். டிரைவர் கிருபையும் நா வந்த அஞ்சி நாளாக் கண்ணுல படல.

மெட்டில்டா: அவன் நாசரேத்துக்கு அக்கா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொன்னேன்லா. அக்காவுக்கு ரெட்டப் பிள்ள.

இஞ்ஞாசி: நேத்து ஒரு பிள்ளன்னு சொன்ன?

மெட்டில்டா: ...நேத்து ஒண்ணுதான் பொறந்துச்சி.

இஞ்ஞாசி: நல்ல அக்காதான். அவனுக்குன்னு சிங்கப்பூர்ல வாங்குன வாட்ச்சு பெட்டியிலயே கெடக்கு. எங்கம்மா உயிரக் காப்பாத்துனவன்லா. மணப்பாட்டுல மூச்சு முட்டிக் கெடந்தவள ரெண்டு மணி நேரத்துல தூத்துக்குடி ஆஸ்பத்திரியில சேத்தான்னு நீதான காயிதம் போட்ட?

மெட்டில்டா: ...போட்டேன்.

இஞ்ஞாசி: வாட்டர் பம்பு காய்ஞ்சி கெடக்கு. ரேடியேட்டர் முன்னாலயும் ஈரமில்ல. நீ போய் சாவியத் திருகு. இன்ஜின் ஓடுனாத்தான் தண்ணி எங்கன இருந்து வருதுன்னு தெரியும்.

மெட்டில்டா: நானா? எனக்கென்ன தெரியும்?

இஞ்ஞாசி: சாவியத் திருகத் தெரியாதா? பீரோவத் தொறக்கேல்லா?

மெட்டில்டா: சரி சரி... இந்தா.

இஞ்ஞாசி: ஒரே திருகுல இன்ஜின் பிடிச்சிட்டே! ஏளா, குளுந்த இன்ஜினுக்குச் சோக்க இழுக்கணும்னு நா சொல்லலியே?

மெட்டில்டா: எது சோக்கு? இதா? கை பட்டுருக்கும்.

இஞ்ஞாசி: கை பட்டு வெளிய வந்துச்சி. இன்ஜின் சூடானதும் கை பட்டு உள்ளயும் போயிட்டு!

மெட்டில்டா: நீங்க லீக்கப் பாருங்க, என் கைய ஏன் பாக்கீக?

இஞ்ஞாசி: பாத்துட்டேன். அந்தா... சொட்டுது. ரேடியேட்டரோட கீழ் ஓஸ், அந்த ரப்பர் குழா. நிறுத்து. நிறுத்திட்டு ஸ்பேனர எடுத்துட்டு வா.

மெட்டில்டா: ஸ்பேனரு எதுக்கு? கிளிப்புக்கு ஸ்குரூ டிரைவர்லா...

இஞ்ஞாசி: கிளிப்புன்னு யாரு சொன்னா?

மெட்டில்டா: ...ஓஸுன்னா கிளிப்பு இருக்கும்லா. சும்மா ஒரு பேச்சுக்கு.

இஞ்ஞாசி: இங்கன கிளிப்பே இல்ல. என்னமோ நூலப் போட்டுச் சுத்தி வச்சிருக்கு. ஓஸ் வாயெல்லாம் வெள்ளையாப் பூத்துக் கெடக்கு. ...தூ!

மெட்டில்டா: ஏங்க, அத நக்கியா பாக்கீக?

இஞ்ஞாசி: கடத்தண்ணி.

மெட்டில்டா: நம்ம கிணத்துத் தண்ணியும் உப்புதான.

இஞ்ஞாசி: பதினேழு வருசமா எம் மூஞ்சியில அடிக்குத தண்ணி எனக்குத் தெரியாதா? எந்த மடையன் ரேடியேட்டர்ல கடத்தண்ணிய ஊத்துனான்?

மெட்டில்டா: மடையன்னு சொல்லாதீங்க.

இஞ்ஞாசி: முட்டாப்பய.

மெட்டில்டா: ஏங்க!

இஞ்ஞாசி: இரும்ப அரிச்சிரும்னு தெரியாத கழுத...

மெட்டில்டா: கொதிச்சி ஆவி பறக்கையில, கண்ணுக்கெட்டுன வரைக்கும் கடலு மட்டும் இருந்தா, நீங்க என்ன பன்னீரா ஊத்துவீக?

இஞ்ஞாசி: ஆவி பறந்துச்சா?

மெட்டில்டா: ...பறந்துருக்கும்.

இஞ்ஞாசி: ம். இங்கன டார்ச்ச அடி. இது வலை நூலு. முடிச்சப் பாரு... ரெட்டச் சுத்து சுத்தி, நுனிய உள்ள சொருகி. திரேஸ்புரத்துல ஒங்க அய்யா வீட்டு முடிச்சுல்லா இது?

மெட்டில்டா: திரேஸ்புரத்துல எல்லாரும் போடுவாக.

இஞ்ஞாசி: கிருபை நாசரேத்துக்காரன். வலையத் தொட்டதே கிடையாது. இந்த முடிச்ச நா வேற எங்கன பாத்துருக்கேன் தெரியுமா? எம் பெட்டியில. ஒவ்வொரு தடவ கப்பலேறயிலயும் நீ கட்டிவிடுவ. நா அவுக்க மாட்டாம நாள் பூராக் கெடந்து அல்லாடுவேன்.

மெட்டில்டா: ...நாந்தான்.

இஞ்ஞாசி: என்னது நாந்தான்?

மெட்டில்டா: அந்த மடையன்.

இஞ்ஞாசி: சத்தமாச் சொல்லு. காருக்கடியில காது கேக்கல.

மெட்டில்டா: நாந்தான் ஓட்டுனேன்! கிருபை எப்பவோ வேலய விட்டுட்டுக் கப்பலேறிட்டான். போறதுக்கு முந்தி உப்பளத்து ரோட்டுல வச்சி எனக்குக் கத்துக் குடுத்தான். மாமிக்கு முடியலன்னு ஆளு வந்ததும் நானே காரெடுத்துட்டு மணப்பாட்டுக்குப் போனேன். திரும்பயில ஆலந்தலைக்கிட்ட கிளிப்பு தெறிச்சி, ஒரே ஆவி.

இஞ்ஞாசி: பெறவு?

மெட்டில்டா: மாமிக்குக் கொண்டுபோன கஞ்சியக் கொட்டிட்டு, தூக்குச்சட்டியில கடத்தண்ணி மோந்தேன். கரையில காயப்போட்ட வலையில ஒரு முழம் நூல அறுத்தேன். வலைக்காரன் வைதுக்கிட்டே ஓடியாந்தான். அவனையே காரத் தள்ளவும் வச்சேன். மாமி அந்த மூச்சு முட்டயிலயும் செபமாலய விடல.

இஞ்ஞாசி: அவ மூச்சுக்காகச் செபம் சொல்லிருக்க மாட்டா. நீ ஓட்டுனதுக்குச் சொல்லிருப்பா.

மெட்டில்டா: சிரிக்காதீங்க! தெரு பேசும், கடல்ல கெடந்து நீங்க கவலப்படுவீக, கோவத்துல கார வித்துருவீகன்னு பயந்துதான் கிருபைன்னு எழுதுனேன். இப்ப நா சொல்லாமலே விக்கீக.

இஞ்ஞாசி: விக்காம?

மெட்டில்டா: விக்காதீங்க. நீங்க போயிட்டா இந்த வீட்டுல நா சொன்னபடி கேக்குதது இது ஒண்ணுதான். அன்னைக்கு இது இல்லன்னா மாமி இல்ல.

இஞ்ஞாசி: ...கத்தியக் குடு. ஓஸ் நுனிதான் கிழிஞ்சிருக்கு. அரை இஞ்ச் வெட்டிட்டு மாட்டுனா போதும்.

மெட்டில்டா: கிளிப்புக்கு எங்கன போக?

இஞ்ஞாசி: எஞ் சட்டப்பையில இருக்கு, எடு.

மெட்டில்டா: கிளிப்ப சட்டப்பையில வச்சிக்கிட்டா காலையில இருந்து லீக்கு தேடுனீக?

இஞ்ஞாசி: ஸ்குரூ டிரைவர்... ஆங். முறுக்கியாச்சி. கொடத்துல இருக்க நல்ல தண்ணிய ஊத்து. பன்னீர் வேண்டாம்.

மெட்டில்டா: கொழுப்பு.

இஞ்ஞாசி: ஸ்டார்ட் பண்ணு. சோக்கு...

மெட்டில்டா: வேண்டாம். இன்ஜின் சூடாத்தான இருக்கு, தெரியும்.

இஞ்ஞாசி: ...ஒரு சொட்டு இல்ல. நிறுத்திட்டு, கிருபைக்கு வாங்குன வாட்ச்ச எடுத்துட்டு வா.

மெட்டில்டா: அவந்தான் ஊர்லயே இல்லன்னு சொல்லிட்டேனே.

இஞ்ஞாசி: எடுத்துட்டு வாளா.

மெட்டில்டா: இந்தா... ஏங்க, இது பொம்பளைங்க கட்டுத வாட்ச்சுல்லா?

இஞ்ஞாசி: ஆமா. சிங்கப்பூர் ஹார்பர்ல கிருபையக் கண்டு, எங்கம்மாவக் காப்பாத்துனியேன்னு அவங் கையப் பிடிச்சி அழுதேன். அவன் முழிச்சான். 'அண்ணே, அதுக்கு முந்தியே நா கப்பலேறிட்டேனே, ஒங்க வீட்டுல இப்ப டிரைவரு மதினில்லா'ன்னான். அன்னைக்குச் சாயங்காலமே இத வாங்குனேன். வீட்டுக்கு வந்ததும் ஓஸ்ல ஒன் முடிச்சையும் பாத்துட்டுத்தான் கிளிப்பு வாங்கி வச்சேன். ஜக்கரிய்யா மொதலாளிக்கு நா சொல்லி விடவே இல்ல, நாலரைக்கு யாரும் வரல. அந்த முடிச்சு போட்ட கைய நீட்டு, டிரைவரே!